17-ஆம் இடமும் ஒரு கோப்பையும்

வணக்கம் ஐயா,

ராபி கீனும் பெர்பட்டோவும் ஆடிய காலத்திலிருந்து நான் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் (ஸ்பர்ஸ்) ரசிகன். 2024-25 சீசனைப் பற்றி இன்னமும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இங்கிலாந்தின் 20 அணிகள் ஆடும் பிரீமியர் லீக்கில் 22 தோல்வி, 17-ஆம் இடம். அதே அணி, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. அலுவலக நண்பர்கள், “ஃபைனலில் நீங்கள் தோற்கடித்த மான்செஸ்டர் யுனைடெட்டே 15-ஆம் இடம். இரண்டு சொத்தை அணிகள் மோதின, ஒன்று ஜெயித்தது. இதில் என்ன பெருமை?” என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஃபைனலும் அழகான ஆட்டமாக இல்லை. எந்த மாதிரி கால்பந்துக்காக பயிற்சியாளர் போஸ்டெகோக்லுவை நேசித்தேனோ அது அன்று மைதானத்தில் இல்லவே இல்லை.

கோப்பை வாங்கிக் கொடுத்தவரை 16 நாளில் அனுப்பிவிட்டார்கள். அது சரியா? கேப்டன் சன்னும் போய்விட்டார். என் மகள் இப்போதுதான் கால்பந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். அந்த சீசனிலிருந்து ஒரே ஒரு ஆட்டத்தை முழுதாகக் காட்டுவதென்றால் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். 38 ஆட்டம், 11 வெற்றி, 5 டிரா, 22 தோல்வி, 38 புள்ளி. பிரீமியர் லீக் தொடங்கிய பிறகு அதுவரை ஸ்பர்ஸ் இவ்வளவு கீழே முடித்ததில்லை. இப்ஸ்விச்சும் லெஸ்டரும் நம் மைதானத்துக்கே வந்து நம்மை வென்றுவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு அணிகளும் சவுத்தாம்ப்டனோடு சேர்ந்து அந்த ஆண்டு இரண்டாம் அடுக்குக்கு இறங்கின. 18-ஆம் இடத்து லெஸ்டருக்கு 25 புள்ளிதான் கிடைத்தது. அந்த மூவரும் அத்தனை பலவீனமாக இருந்ததால்தான் மே மாதத்தில் நமக்குத் தூக்கம் கெடவில்லை.

ஆனால் புள்ளிப்பட்டியலில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. போட்ட கோல் 64, வாங்கிய கோல் 65. 17-ஆம் இடத்தில் முடித்த அணிக்கு கோல் வித்தியாசம் ஒன்றே ஒன்று! ஆட்டத்துக்கு ஆட்டம் நசுங்கிப்போன அணியின் கணக்கல்ல இது. ஜெயித்தால் நாலு, தோற்றால் ஒரு கோலில் என்று ஆடிய அணியின் கணக்கு. எதிஹாட் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டியை 4-0 என்று வென்று, அவர்கள் சொந்த மண்ணில் 52 ஆட்டங்களாகத் தோற்காமல் வைத்திருந்த சாதனையை முடித்துவைத்தோம். பிரைட்டனில் இடைவேளைக்கு 2-0 என்று முன்னால் போய் 3-2 என்று தோற்றோம். செல்சியோடு 11 நிமிடத்தில் 2-0. முடிவில் 3-4.

அந்த செல்சி ஆட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 8. டிஃபென்ஸின் நடுவில் நிற்கும் ரொமேரோவும் வான் டி வெனும் காயத்திலிருந்து மீண்டு ஒன்றாக இறங்கிய நாள். கால் மணி நேரத்தில் ரொமேரோ வெளியேறினார். இரண்டாம் பாதியில் வான் டி வென் ஹாம்ஸ்ட்ரிங்கை (பின்தொடைத் தசையை) பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோல்கீப்பர் விகாரியோ ஏற்கெனவே இல்லை. சிட்டியை வென்ற அன்று உடைந்த கணுக்காலோடு கடைசி விசில் வரை நின்றுவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தார். அதன் பிறகு வாரக்கணக்கில் டிஃபென்ஸின் நடுவில் நின்றது யார்? லீட்ஸிலிருந்து நடுக்கள ஆட்டக்காரனாக வந்த 18 வயது ஆர்ச்சி கிரே. தனக்குப் பழக்கமில்லாத இடத்தில், தன்னைவிட ஒரு தலை உயரமான ஸ்டிரைக்கர்களோடு முட்டிக்கொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஆடினான் அந்தப் பையன். அந்த சீசனில் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரன் யார் என்று கேட்டால் யோசிக்காமல் அவன் பெயரைத்தான் சொல்வேன். பரிசுப் பட்டியல்களில் இந்த மாதிரி உழைப்புக்கு இடம் கிடைப்பதில்லை.

இனி நீங்கள் மனத்தாங்கலோடு எழுதியிருக்கும் விஷயம். “எந்த மாதிரி கால்பந்துக்காக நேசித்தேனோ அது ஃபைனலில் இல்லை.” இதில்தான் நான் உங்களோடு உடன்படவில்லை. என் கண்ணுக்கு அந்த ஃபைனலின் பெருமையே அதுதான்.

2023 நவம்பர் 6, அதே செல்சி, நம் மைதானம். போஸ்டெகோக்லு வந்த முதல் சீசன். முதல் பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு டிரா என்று முதலிடத்தில் இருந்தோம். அன்று ரொமேரோவும் உடோகியும் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மிஞ்சியது ஒன்பது பேர். எந்தப் பயிற்சியாளரானாலும் ஒன்பது பேரையும் பெனால்டி பெட்டிக்குள் இழுத்து நிறுத்தியிருப்பார். இவர் டிஃபென்ஸை மைதானத்தின் நடுக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். விகாரியோ கோல்கம்பத்தை விட்டு ஓடி ஓடி வந்து பந்தை உதைத்து வெளியேற்றிக்கொண்டிருந்தார். 1-4 என்று தோற்றோம். தோற்ற அணிக்கு மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டம் முடிந்ததும் போஸ்டெகோக்லு சொன்னதன் சாரம் இது: நாங்கள் இப்படித்தான், நான் இருக்கும் வரை இப்படித்தான், ஐந்து பேர் மிஞ்சினாலும் முன்னேறித்தான் ஆடுவோம்.

நீங்களும் நானும் அந்த மனிதரை அன்று நேசிக்கத் தொடங்கினோம். சரி. அந்த வைராக்கியம் அடுத்த ஒன்றரை ஆண்டில் நமக்கு என்ன தந்தது என்பதும் தெரியும். முன்னால் போன ஆட்டங்களையெல்லாம் காப்பாற்றத் தெரியாத அணி. வேகமாக ஓடி ஓடியே தசை கிழிந்த டிஃபெண்டர்கள். காயத்துக்கு ஆட்டமுறை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்ற அட்டவணைக்கும் பங்குண்டு. ஆனால் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

அதே மனிதர் 2025 மே 21 அன்று பில்பாவ் நகரின் சான் மமேஸ் மைதானத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். மேடிசன், குலுசெவ்ஸ்கி, பெர்க்வால் மூவரும் காயம். அதாவது பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கத் தெரிந்த நடுக்களமே இல்லை. பிசூமா, பென்டன்குர், சார் என்று ஓடவும் மறிக்கவும் தெரிந்த மூவரை நிறுத்தினார். கேப்டன் சன்னைப் பெஞ்சில் உட்காரவைத்தார். முக்கால் பங்கு நேரம் பந்து யுனைடெட்டிடம்தான் இருந்தது. 42-வது நிமிடத்தில் சார் இடதுபுறத்திலிருந்து அனுப்பிய பந்து யுனைடெட்டின் லூக் ஷாவின் மேல் பட்டு, பிரென்னன் ஜான்சன் காலில் பட்டும் படாமலும் உருண்டு கோட்டைத் தாண்டியது. அழகான கோல் இல்லைதான். அதை வைத்துக்கொண்டு மீதி நேரமெல்லாம் காத்தார்கள். ஜான்சனையே வெளியே எடுத்துவிட்டு டிஃபெண்டர் டான்சோவை இறக்கி ஐந்து பேர் டிஃபென்ஸ் ஆக்கினார். ஒன்பது பேரோடு நடுக்கோட்டில் நின்ற மனிதர், பதினோரு பேரையும் வைத்துக்கொண்டு பின்னால் இறங்கி நின்றார்.

தன் கொள்கையை விட்டுவிட்டார் என்று நீங்கள் வருந்துகிறீர்கள். 17 ஆண்டுகளாக ஒரு கோப்பையும் பார்க்காத ஜனங்களுக்காகத் தனக்கு மிகப் பிடித்ததை ஓர் இரவுக்கு ஒதுக்கிவைத்தார் என்று நான் பார்க்கிறேன். செப்டம்பரில் ஆர்சனலிடம் தோற்ற அன்று, தன் இரண்டாம் ஆண்டில் எப்போதும் ஏதாவது ஒன்றை வெல்வேன் என்று அவர் சொன்னபோது ஊரே சிரித்தது. அந்தச் சொல்லைக் காப்பாற்ற அவர் தன் பிடிவாதத்தை விலையாகக் கொடுத்தார்.

68-வது நிமிடத்தையும் சொல்லியாக வேண்டும். ஃப்ரீ கிக்கில் வந்த பந்துக்கு விகாரியோ முன்னால் ஓடி வந்து தவறவிடுகிறார். யுனைடெட்டின் ஹோய்லண்ட் தலையால் முட்டிய பந்து வெற்றுக் கோலை நோக்கி மெதுவாக வளைந்து போகிறது. வான் டி வென் பின்னோக்கி ஓடி, காற்றில் எகிறி, உடம்பு கிட்டத்தட்ட படுத்த நிலையில், கோட்டின் மேலிருந்து காலால் கொக்கி போட்டு அதை வெளியே இழுக்கிறார். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் உள்ளே போய்விடும் என்றே தோன்றுகிறது. டிசம்பரில் ஹாம்ஸ்ட்ரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அதே கால்கள்தாம். கடைசி நொடிகளில் ஷா முட்டிய பந்தை விகாரியோ தடுத்ததும் அப்படியே. அவரும் உடைந்து மீண்டு வந்தவர்.

கோல் போட்ட ஜான்சனைப் பற்றி ஒன்று. அந்த ஆர்சனல் தோல்விக்குப் பின் நம் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களே அவரைத் திட்டித் தீர்த்ததில், அந்த இளைஞர் தன் இன்ஸ்டாகிராம் கணக்கையே மூடிவிட்டார். மூன்றே நாளில் கவென்ட்ரியில் வெற்றிக் கோல் போட்டார். அதிலிருந்து தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் கோல். சீசன் முடிவில் 18 கோலோடு அணியில் முதலிடம். திட்டியவர்கள் பில்பாவ் இரவில் அவர் பெயரைக் கத்தியிருப்பார்கள். அவர்கள் ஒரு நிமிடமாவது வெட்கப்பட்டிருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நண்பர்களின் “சொத்தை அணி” பேச்சுக்கு ஒரே பதில் போதும். கோப்பை ஃபைனலில் தொடங்குவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எதிரணியோடு இரண்டு ஆட்டம்: நெதர்லாந்தின் அல்க்மாரிடம் முதல் ஆட்டத்தில் தோற்று மறு ஆட்டத்தில் மீண்டோம். ஜெர்மனியில் போய் ஃபிராங்க்ஃபர்ட்டை வென்றோம். ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், செயற்கைப் புல்லில், நார்வேயின் போடோ கிளிம்ட்டை 2-0 என்று வென்றோம். யுனைடெட்டை அந்த ஒரே சீசனில் நான்கு முறை சந்தித்தோம், நான்கிலும் வென்றோம். இதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

போஸ்டெகோக்லுவை நீக்கியது சரியா? சரி என்றே நினைக்கிறேன். மனது கஷ்டப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன். கிளப் தன் அறிக்கையில் ஒரு கணக்கைச் சொன்னது: கடைசி 66 லீக் ஆட்டங்களில் 78 புள்ளி. அந்த முதல் பத்து ஆட்டத் தேனிலவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதுதான். காயங்கள் குவிவதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. வசந்த காலத்தில் லீக்கைக் கிட்டத்தட்டக் கைவிட்டு யூரோப்பா லீக் ஆட்டங்கள் நடக்கும் வியாழக்கிழமைகளுக்காக மட்டும் அணியைச் சேமித்தார். அந்த முடிவு பலித்தது. ஆனால் வாராவாரம் லீக்கை எப்படி ஆடுவது என்ற கேள்வியை அது தள்ளிப்போட்டது, தீர்க்கவில்லை. ஃபைனல் முடிந்த அதே வாரம் பிரைட்டனிடம் சொந்த மண்ணில் 1-4. பில்பாவில் ஓர் இரவுக்கு இறங்கி நிற்க முடிந்தவர், 38 ஆட்டங்களுக்கு எங்கே நிற்பார்? அவருக்கே அதற்கு விடை இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த பயிற்சியாளராக தாமஸ் ஃபிராங்க் வந்தது அந்த விடைக்காக. இதெல்லாம் நிர்வாகத்தின் கணக்கு, அது அவர்கள் வேலை. அதைச் சரியென்று ஏற்பதால் போஸ்டெகோக்லு மேல் நமக்குள்ள நன்றியில் ஒரு குன்றிமணியும் குறைய வேண்டியதில்லை. 1984-க்குப் பிறகு இந்த கிளப்புக்கு ஐரோப்பியக் கோப்பை கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான்.

சன் ஹியுங்-மின். 2015-இல் ஜெர்மனியின் லெவர்குசெனிலிருந்து வந்தார். 454 ஆட்டம், 173 கோல். 2019-இல் மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் தோல்வி, 2021-இல் லீக் கோப்பை ஃபைனல் தோல்வி, இரண்டிலும் ஆடியவர். நம் ஸ்டிரைக்கர் ஹாரி கேன் 280 கோலோடு கிளம்பி முனிச் போனபோது இவரும் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இருந்தார். கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டார். 2024-25 சீசனில் அவர் கால் வேகம் குறைந்தது உண்மைதான், லீக்கில் 7 கோல்தான். ஃபைனலில் 67-வது நிமிடத்தில் இறங்கியவர் செய்ததெல்லாம் பின்னால் ஓடி வந்து காத்ததுதான். கொரியக் கொடியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அழுதபடி கோப்பையைத் தூக்கினார். அதற்குப் பிறகு அவர் சியோலில் விடைபெற்று லாஸ் ஏஞ்சலீஸ் அணிக்குப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. வெறுங்கையோடு போயிருந்தால் ஆறியிருக்காது.

மகளுக்கு எந்த ஆட்டம்? சிட்டியை வென்ற 4-0 வேண்டாம். அதைப் பார்த்தால் ஸ்பர்ஸ் எப்போதும் இப்படி ஆடும் என்று நினைத்துவிடுவாள். ஃபைனலும் இப்போதைக்கு வேண்டாம், அதன் கனம் தெரிய 17 ஆண்டு பின்கதை தேவை. ஏப்ரல் 17, ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த மறு ஆட்டத்தைக் காட்டுங்கள். நான்கு நாள் முன்பு வுல்வ்ஸிடம் 4-2 என்று தோற்றுவிட்டு வந்த அணி. சன் கால் காயத்தால் வரவே இல்லை. முதல் ஆட்டம் 1-1. ரொமேரோ பின்னாலிருந்து தூக்கிப் போட்ட நீண்ட பந்துக்கு மேடிசன் ஓடி முந்திக்கொள்கிறார், கோல்கீப்பர் வந்து மோதுகிறார், வீடியோவைப் பார்த்த பிறகு நடுவர் பெனால்டி தருகிறார், ஸ்டிரைக்கர் சோலங்கி கோல் போடுகிறார். மேடிசனால் அதற்கு மேல் ஆட முடியவில்லை. மிச்சம் முழுவதும் ரொமேரோவும் வான் டி வெனும் அடுத்தடுத்து நின்று காப்பதுதான் ஆட்டம். பந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு அந்த இருவரையும் மட்டும் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் முன்னால் பாய்ந்தால் மற்றவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று அவளே கண்டுபிடித்துச் சொல்வாள்.

அன்புடன்.