வாசகர் கேள்வி-பதில்: பழைய மைக்ரோவேவ் கருவிகள்

செங்கோட்டை வாசகர்: சாரல் தொடங்கியதிலிருந்து ஹெச்.பி. 432ஏ பவர் மீட்டரில் (மைக்ரோவேவ் பவரை அளக்கும் கருவி) முள் ஜீரோவில் நிற்பதில்லை. 478ஏ தெர்மிஸ்டர் மவுண்ட் (பவரின் சூட்டில் தடை மாறும் உணரி) மாட்டியிருக்கிறோம். உள்ளே இருக்கும் டிரிம்பாட்டை (அளவைச் சரிசெய்யும் சிறு திருகு) திருப்பலாமா?

பதில்: வேண்டாம். மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் மவுண்ட்டையும் கேபிளையும் பாருங்கள். முன்பக்க ஸ்விட்ச் 200 ஓமில் இருக்க வேண்டும், 478ஏ-க்கு அதுதான். அரை மணி நேரம் சூடாக விட்டு, கேபிளை இரு முனையிலும் லேசாக அசைத்துப் பாருங்கள். முள் துள்ளினால் கனெக்டர் பின்னில் ஈரமோ களிம்போ இருக்கிறது. அங்கே கூடும் தடை, தெர்மிஸ்டரின் தடையை ஒப்பிடும் பிரிட்ஜ் சர்க்யூட்டின் சமநிலையைக் கெடுக்கும், மீட்டர் அதைப் பவராகக் காட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

ஜீரோ வைக்கும்போது மவுண்ட்டைக் கழற்றாதீர்கள், சோர்ஸின் ஆர்.எஃப்.-ஐ (மைக்ரோவேவ் சிக்னலை) மட்டும் நிறுத்துங்கள். கைச்சூடு பட்டாலே முள் நகரும். மின்விசிறிக் காற்றும் அப்படித்தான். 10 மைக்ரோவாட் ரேஞ்சில் முள் கொஞ்சம் ஊர்வது இயல்பு, அதை நோயாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மீட்டர் சரியா என்று அறிய, பின்பக்கத்தில் வி-ஆர்எஃப் என்ற பிஎன்சி சாக்கெட் இருக்கிறது. நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டரை அதில் மாட்டி, ஆர்.எஃப். இல்லாமல் ஒன்று, ஆர்.எஃப். கொடுத்து ஒன்று என இரண்டு வோல்டேஜ் எடுங்கள். இரண்டின் வர்க்கங்களின் வித்தியாசத்தை 800-ஆல் (4 × 200 ஓம்) வகுத்தால் வாட் கிடைக்கும். உதாரணமாக 4.900, 4.818 வோல்ட் வந்தால் ஏறத்தாழ 1 மில்லிவாட். இதை மவுண்ட்டில் ஒட்டியிருக்கும் கேலிபரேஷன் ஃபேக்டரால் (அந்த மவுண்ட்டுக்கான திருத்த எண்) வகுத்து, முள் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். அளவுகளுக்கு நடுவில் சூடு மாறினால் கணக்கு பிசகும் என்பதால் இரண்டையும் அடுத்தடுத்து எடுங்கள். அப்போதும் பெரிய வித்தியாசம் வந்தால் மட்டும் டிரிம்பாட்டைப் பற்றி யோசிக்கலாம்.

சூளூர்பேட்டை வாசகர்: பழவேற்காடு ஏரிக்காற்றில் எங்கள் எக்ஸ்-பேண்ட் (8-12 கிகாஹெர்ட்ஸ்) பெஞ்சின் பித்தளை ஃபிளாஞ்சுகளில் (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தகடுகள்) பச்சையாகப் படிகிறது. வி.எஸ்.டபிள்யூ.ஆர். (எதிரொலித்துத் திரும்பும் அலையைக் காட்டும் விகிதம்) அளவும் நம்பும்படி இல்லை.

பதில்: பித்தளைப் பாத்திரம் போல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! அமிலம் மூலையில் தங்கி மீண்டும் அரிக்கும். படிந்த உப்பை, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் எடுத்து, ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாளைத் தொடாதீர்கள், முகம் வளைந்தால் இடைவெளியில் கசிவு வரும். பயன்படுத்தாத முனைகளை மூடி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

அளவு பிசகுவது டிடெக்டரால் (சிக்னலை வோல்டேஜாக மாற்றும் டயோடு) ஆகவும் இருக்கலாம். சிக்னலைக் குறைக்கும் அட்டென்யூவேட்டரில் 3 டெசிபெல் கூட்டுங்கள், வி.எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் முள்ளும் 3 டெசிபெல் இறங்க வேண்டும். குறைவாக இறங்கினால் டயோடுக்குப் பவர் அதிகம், வர்க்க விதியை (டயோடின் வோல்டேஜ் பவருக்கு நேர்விகிதமாக இருக்கும் நிலை) மீறிவிட்டது. அந்த நிலையில் வி.எஸ்.டபிள்யூ.ஆர். உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஸ்லாட்டட் லைனில் (அலையை அளக்க நீளப் பிளவு விட்ட குழாய்) புரோபை ஆழமாக விட்டிருந்தால் அதுவே அலையைக் கலைக்கும், சிக்னல் எட்டும் அளவுக்கு மேலே தூக்குங்கள். டிடெக்டரில் உள்ள 1என்23 டயோடை மாற்றும்போது முதலில் மவுண்ட் உடலைத் தொட்டுவிட்டு டயோடைப் பிடியுங்கள். ஸ்டாட்டிக்கில் சாவது அதன் வழக்கம்.

பாலக்காடு சித்தூர் வாசகர்: மைக்ரோவேவ் உண்டாக்கும் 2கே25 கிளைஸ்ட்ரான் குழாயை எந்த வரிசையில் ஆன் செய்வது?

பதில்: ஹீட்டர், ஃபேன் முதலில். அடுத்து ரிபெல்லர் (எலக்ட்ரான்களைத் திருப்பி அனுப்பும் முனை) வோல்டேஜை முழு நெகட்டிவில் வைத்து, அதன் பின்னரே எலக்ட்ரான்களை முடுக்கும் பீம் வோல்டேஜ் (300 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம்). அணைக்கும்போது தலைகீழாக. ரிபெல்லர் பாசிட்டிவ் ஆனால் எலக்ட்ரான்கள் அதிலேயே விழுந்து குழாயைக் கெடுக்கும். ஒரு எச்சரிக்கை: உலோக உறை எர்த்தில் இருப்பதால் கேத்தோடே மைனஸ் 300 வோல்ட்டில் நிற்கும். ரிபெல்லர் தொப்பியில் எர்த்துக்கு 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம். சப்ளையை அணைத்து, கெபாசிட்டர் இறங்கும்வரை அதைத் தொடாதீர்கள்.