சுக்கான் ஆடுகிறதா? எங்கே ஆடுகிறது?

கேள்வி: என்னுடையது சிறிய பாய்மரப் படகு. சுக்கான் படகின் பின்சுவருக்கு வெளியே தொங்கும் வகை. கொஞ்ச நாளாக டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) லூசாக இருக்கிறது. நங்கூரம் போட்டு நின்றாலும் கடகடவென்று சத்தம். புஷ்ஷை (வளையத்துக்குள் தேய்மானத்தைத் தாங்கும் சிறு உறை) மாற்றினால் போதுமா?

பதில்: போதலாம். ஆனால் ஆட்டம் எங்கே என்று தெரியாமல் புஷ் வாங்காதீர்கள். படகைக் கரையேற்றுங்கள். ஒருவர் டில்லரை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் சுக்கானின் அடிப்பகுதியைப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைக்கட்டும். அப்போது ஒவ்வொரு இணைப்பிலும் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் படும்படி விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் டில்லர் சுக்கானோடு சேரும் போல்ட். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், எபாக்ஸியால் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) அடைத்து மறுபடி துளையிட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது சுக்கான் தொங்கித் திரும்பும் உலோக முளையான பின் (pin), அது உட்காரும் வளையம். பின்னைக் கழற்றி, காலிப்பரால் பல இடங்களில் அளந்து பாருங்கள். அந்தப் பின்தான் தேய்ந்திருக்கிறது என்றால் புது புஷ் போட்டும் பயனில்லை. நைலானைவிட அசெட்டால் என்ற பிளாஸ்டிக்கில் செய்த புஷ் நல்லது. நைலான் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். கரையில் கச்சிதமாக இருந்தது கடலில் இறுகிவிடும். எதுவானாலும் கையால் லேசாகத் திரும்பும் அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

என்னுடைய முதல் சந்தேகம் வளையத்தைப் பின்சுவரில் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் மேல்தான். அவை தளர்ந்திருந்தால் வெறுமனே முடுக்காதீர்கள். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, ஃபைபர் கிளாஸுக்கு நடுவே உள்ள மரம் உளுத்திருக்கலாம். உளுத்த மரத்தில் ஸ்க்ரூ எத்தனை நாள் நிற்கும்? கழற்றி, துளையைப் பெரிதாக்கி, கெட்டதைச் சுரண்டி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகியதும் சரியான அளவில் துளையிடுங்கள். ஸ்க்ரூவுக்குப் பதில் உள்பக்கம் வரை செல்லும் போல்ட், அதற்குப் பின்னால் ஓர் உலோகத் தகடு, சுற்றிலும் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட். நேரான கம்பி ஒன்றை எல்லா வளையங்களுக்குள்ளும் விட்டு, ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முடுக்குங்கள். கோணலாக நின்றால் புது புஷ்ஷும் சீக்கிரம் தேயும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் சுக்கான் படகின் அடியில் தண்டில் நிற்கும் வகையா? தண்டு அசையாமல் சுக்கான் பலகை மட்டும் ஆடினால், உள்ளே தண்டோடு சேர்த்த வெல்டிங் விட்டிருக்கலாம். விரிசலில் பழுப்பு நீர் கசிந்தால் உள்ளே துரு. பலகையைப் பிரித்துப் பார்க்காமல் கடலுக்குப் போகாதீர்கள்.

அப்புறம், மாட்டும்போது சுக்கான் மேலே எழும்பாமல் தடுக்கும் கிளிப்பை மறந்துவிடாதீர்கள்.