நூலகம், சுகாதார நிலையம், பேரூராட்சி அலுவலகம்: மாற்றுத்திறனாளிகள் வந்துபோக வழிசெய்ய எங்கிருந்து தொடங்குவது?

"பேரூராட்சி வார்டு உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் ஊர் நூலகம், ஆரம்ப சுகாதார நிலையம், பேரூராட்சி அலுவலகம் ஆகிய மூன்றுக்கும் சாய்தளம் அமைக்க நினைக்கிறோம். வேறு என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாய்தளத்தை முதலில் செய்ய வேண்டாம். அதற்கு முன்பாக, அந்த மூன்று கட்டடங்களுக்கும் உள்ளே போக முடியாமல் இருப்பவர்களை அழைத்துக்கொண்டு, பொறியாளரையும் உடன் வைத்துக்கொண்டு, தெருவில் இறங்கும் இடத்திலிருந்து உள்ளே உட்காரும் நாற்காலி வரை ஒருமுறை போய்வாருங்கள். செலவு மதிப்பீடு (எஸ்டிமேட்) தயாரித்த பிறகு அல்ல, அதற்கு முன்பு. நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருப்பதால், நடந்ததையும் எழுதுகிறேன்.

நான் கணித ஆசிரியராக 28 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இரண்டு வயது நிறைவதற்குள் இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போய்விட்டன. இளமையில் காலிப்பரும் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) ஊன்றுகோலுமாக நடந்தேன். தோள்மூட்டு தேய்ந்த பிறகு சக்கர நாற்காலிக்கு மாறினேன். ஊன்றுகோலோடு இருந்தவரை படிகள் எனக்குச் சிரமமாக மட்டும் இருந்தன, நாற்காலிக்கு வந்த பிறகு அவை சுவர்களாகிவிட்டன. எங்கள் ஊர் காவிரிப் படுகையில் இருக்கிறது. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதால் இங்கே பொதுக் கட்டடங்களின் பேஸ்மட்டத்தை உயர்த்தியே கட்டுவார்கள். நூலகத்துக்கு ஐந்து படிகள், தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரம்.

அந்த நூலகத்துக்குச் சாய்தளம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று நானும் அப்போது நினைக்கவில்லை. படிகளுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் இரண்டரை மீட்டர் நீளத்துக்கு அதைக் கட்டி முடித்தார்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக வழவழப்பான டைல்ஸ் பதித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் எவர்சில்வர் கைப்பிடி வைத்தார்கள். மேலே போய்ச் சேரும் இடத்தில் மடக்கு இரும்புக் கதவும், அதன் அடித்தண்டவாளமும், அதற்குப் பின்னால் நான்கு விரற்கடை உயரத்துக்கு நிலைப்படியும் அப்படியே இருந்தன.

முதல் நாள் என்னை மேலே ஏற்றுவதற்கு என் மாணவர்கள் இருவர் தேவைப்பட்டார்கள். உள்ளே ஒரு மணி நேரம் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வெளியே தூறல் விழுந்திருந்தது. இறங்கும்போது நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்த பையனின் செருப்பு டைல்ஸில் வழுக்கியது, அவன் பிடி விட்டது, நாற்காலி அடிவரை ஓடிக் கவிழ்ந்தது. எனக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆறு வாரத்தில் கூடியது. அந்தப் பையனோ என்னைப் பார்க்க வருவதற்கே பல மாதங்கள் ஆயின. வந்தபோதும், "சார், நான் கையை விட்டிருக்கக் கூடாது" என்று மட்டும்தான் சொன்னான். தவறு அவன் கையில் இல்லை, கட்டுமானத்தில்தான் இருந்தது என்று காகிதத்தில் முக்கோணம் வரைந்து காட்டியும் அவன் மனம் ஆறவில்லை. ஒரு கணக்குத் தப்பானதற்கு பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன்னைக் குற்றவாளியாக எண்ணிக்கொண்டிருந்தான் என்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கணக்கு மிக எளியது. சாய்தளத்துக்கு விதி 1:12. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 75 சென்டிமீட்டர் ஏறுவதற்கு 9 மீட்டர் நீளம் வேண்டும். நடுவே நாற்காலி நின்று இளைப்பாறவும் திரும்பவும் ஒன்றரை மீட்டர் சமதளமும் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது இரண்டரை மீட்டர், அதாவது ஏறத்தாழ 1:3. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதி, மதிப்பீட்டின் நகலையும், முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்டு வாங்கினேன். மதிப்பீட்டில் செங்கல், சிமெண்ட், டைல்ஸ், வெள்ளையடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் சதுர மீட்டர், கன மீட்டர் கணக்கு இருந்தது. சாய்தளத்துக்கு நேரே "1 எண்" என்று எழுதியிருந்தார்கள். உயரமும் இல்லை, நீளமும் இல்லை, சரிவும் இல்லை. மேசை நாற்காலி வாங்குவதைப்போல ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் சிலர், அரசு ஊழியர்களைக் குறைகூறவே இந்தப் பதில் என்று நினைக்கக்கூடும். என் நோக்கம் அதுவன்று. அந்தச் சாய்தளத்தைத் திட்டமிட்டவருக்கு நல்லெண்ணம் இருந்தது என்றே இன்றும் நம்புகிறேன். இருக்கும் இடத்துக்குள் எதையாவது செய்துகொடுக்க விரும்பினார். அதில் ஏறப் போகும் ஒருவரை ஒரு நாள் காலை அரை மணி நேரம் அந்த இடத்துக்கு அழைத்திருந்தால், செலவழித்த அதே பணத்தில் வேறு வழி கிடைத்திருக்கும். நூலகத்தின் பின்புறத் தெரு, முன்புறத்தைவிட ஒன்றரை அடி மேடானது. அங்கிருந்து ஏற வேண்டிய உயரம் 30 சென்டிமீட்டர்தான், சாய்தளத்தின் நீளமும் 3.6 மீட்டர் போதும். இது அந்தத் தெருவில் தினமும் நாற்காலியை உருட்டிக்கொண்டு போகிற எனக்குத் தெரியும், வரைபடத்தைப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

"நான்கு பேருக்காக இவ்வளவு செலவா?" என்ற கேள்வி உங்கள் மன்றக் கூட்டத்தில் கட்டாயம் எழும், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 இலட்சம் பேர் என்று பதிவாகியிருக்கிறது. முழங்கால் தேய்ந்த முதியவர்களும், நிறைமாதக் கர்ப்பிணிகளும், கைக்குழந்தையோடு வருகிறவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. நூலகத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் யாரும் வருவதில்லையே என்று கேட்பவர்களுக்கு, வர முடியாததால்தான் வருவதில்லை என்று நான் பலமுறை பதில் சொல்லிவிட்டேன்.

சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை முதலிலேயே மேசைமீது வீச வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அணுகுதலுக்கான விதிமுறைகளைப் பின்பற்றாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி அளிக்கக் கூடாது என்று அதன் 44ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்பது 45ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஐந்து ஆண்டுகள் 2022இலேயே முடிந்துவிட்டன. இந்த அளவுகளெல்லாம் பரிந்துரைகள்தாமே, கட்டாயமில்லையே என்று யாராவது சொன்னால், ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பைக் காட்டுங்கள். வெறும் பரிந்துரைகளை நம்பியிருந்த விதி, சட்டத்துக்கே முரணானது என்று நீதிமன்றம் கூறி, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது.

இனி, எங்கள் ஊரில் சரியாக நடந்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். நூலகத்தில் நான் விழுந்து சில ஆண்டுகள் கழித்து, சுகாதார நிலையத்தைப் பழுதுபார்க்கும் வேலை வந்தது. அப்போது புதிதாகப் பணிக்கு வந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர் என் வீட்டுக்கே வந்து, "சார், உங்கள் மனுக்களைக் கோப்பில் படித்தேன். எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் ஒருமுறை எங்களோடு வர முடியுமா?" என்று கேட்டார். நான் மட்டும் வந்தால் போதாது என்று சொன்னேன். சக்கர நாற்காலிக்காரனுக்குப் படி தெரியும், பார்வையற்றவரின் சிக்கல் தெரியாது. ஆகவே, போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர், காது கேளாத தையற்காரர் ஒருவர், முழங்கால் வலியால் அவதிப்படும் பூக்கார அம்மா, நான், அந்தப் பொறியாளர் ஆகிய ஐவரும் ஒரு புதன்கிழமை காலை டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. பார்வையற்ற இளைஞர் வாசலுக்கு வருவதற்கு முன்பே, சுவரிலிருந்து தலைமட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்த தகரக் கூரையில் நெற்றியை இடித்துக்கொண்டார். கைத்தடி தரையில் இருப்பதைக் காட்டும், தலைக்கு நேரே இருப்பதைக் காட்டாது என்பதைப் பொறியாளர் அன்றுதான் கண்ணால் கண்டார். தையற்காரர் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். செவிலியர் அவருடைய எண்ணை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். தனக்கு எப்போதும் இப்படித்தான் நடக்கிறது என்று அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பூக்கார அம்மா படியின் உயரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, வரிசையில் நிற்கும் இடத்தில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை என்றார். என் நாற்காலி கழிவறைக் கதவுக்குள் நுழைந்தது, ஆனால் உள்நோக்கித் திறக்கும் அந்தக் கதவை நான் உள்ளே போன பிறகு மூட முடியவில்லை.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. தகரத்தின் நீட்டிக்கொண்டிருந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். சீட்டு எண்ணைக் கூப்பிடுவதோடு ஒரு பலகையில் எழுதியும் காட்டத் தொடங்கினார்கள். படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை அடித்தார்கள், இரண்டு பக்கமும் இரண்டு உயரங்களில் கைப்பிடி வைத்தார்கள். கழிவறைக் கதவை வெளிநோக்கித் திறக்கும்படி மாற்றி, உள்ளே நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் வட்டம் கிடைக்குமாறு ஒரு தடுப்புச் சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். சாய்தளத்தைக் கடைசியாகத்தான் வரைந்தார்கள். அது சொரசொரப்பான சிமெண்ட் தளம், 1.2 மீட்டர் அகலம், சரிவு 1:12. கட்டி முடித்த அன்று நானே தனியாக ஏறி, தனியாக இறங்கினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கழிவறைக்குப் பூட்டுப் போட்டுத் துடைப்பமும் வாளியும் வைத்திருந்தார்கள். சாவி காவலாளியிடம் இருந்தது, அவர் மதியம் வீட்டுக்குப் போய்விடுவார். சாவியை எங்கே தொங்கவிடுவது என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

உங்கள் மூன்று கட்டடங்களுக்கும் உரிமையாளர் ஒருவரல்லர் என்பதையும் கவனியுங்கள். அலுவலகம் பேரூராட்சியுடையது, நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழுவின்கீழ் வரும், சுகாதார நிலையம் சுகாதாரத் துறையுடையது. முன்னால் போகிற சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும் இருக்கலாம். ஆகவே ஒரே தீர்மானத்தில் எல்லாம் முடியாது. நடந்து பார்த்த அன்று எழுதிய குறிப்புகளைத் துறைவாரியாகப் பிரித்து அனுப்புங்கள். சாலையை மறுபடி போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டால், சாய்தளத்தின் அடி பள்ளமாகி மழைநீர் தேங்கும். இதைச் சாலைக்குரிய துறைக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

பராமரிப்புக்கும் பணம் ஒதுக்குங்கள். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்காக 263 மீட்டர் நீள மரப்பாதையை 2022 நவம்பர் இறுதியில் திறந்தார்கள். முதன்முறையாக அலையைத் தொட்டுப் பார்த்தவர்களின் முகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் அழுதேன். இரண்டு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்திவிட்டது. பிறகு சீரமைத்தார்கள். கடலோரத்தில் எது கட்டினாலும் ஒவ்வோர் ஆண்டும் பழுதுபார்க்க வேண்டியிருக்கும். உங்கள் ஊரின் கைப்பிடிக்கும் சிமெண்ட் தளத்துக்கும் அது சிறிய அளவில் பொருந்தும்.

உங்கள் கேள்விக்கு நேரடித் தொடர்பில்லாத ஒன்றையும் மனக்குறையாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று சக்கர வண்டி வழங்கும் விழாக்களுக்கு என்னைப் பலமுறை அழைத்திருக்கிறார்கள். நான் போன ஒவ்வொரு விழாவிலும் மேடைக்குப் படிகள்தாம் இருந்தன. வண்டி வாங்க வந்தவர்கள் வெயிலில் கீழே காத்திருந்தார்கள். புகைப்படத்துக்காகச் சிலரை மட்டும் தூக்கிக்கொண்டு போய் மேலே உட்காரவைத்தார்கள். வயதுவந்த ஒருவரைக் கேட்காமல் தூக்குவது அவரை எவ்வளவு புண்படுத்தும் என்பதைத் தூக்கப்பட்டவர்கள் அறிவார்கள். உங்கள் பேரூராட்சியில் விழா நடந்தால், தயவுசெய்து மேடை போடாமல் தரையிலேயே நடத்துங்கள்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்ப்பதற்கான சட்டத் திருத்தங்கள் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறின. உங்கள் மன்றத்தில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வேலையை முழுவதுமாக அவர் தலையில் கட்டிவிடாமல், முதல் நாள் நடைக்கு அவரை அழைத்துக்கொண்டு நீங்களும் கூடவே செல்லுங்கள். அவருக்கு இருப்பது ஒருவகைக் குறைபாடுதான் என்பதால், வேறு வகைக் குறைபாடுள்ள இருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மதிப்பீடு உங்கள் கூட்டத்துக்கு வரும்போது, சாய்தளம் என்ற வரிக்கு நேரே உயரம், நீளம், அகலம் மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். "1 எண்" என்று மட்டும் இருந்தால், அதைத் திருப்பி அனுப்புங்கள்.