‘டூ ஃபைல்’ தவறு, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ தவறு: அப்படியானால் ‘எஸ்’ எங்கே வரும்?

கேள்வி: அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறேன். ‘டூ ஃபைல்’ என்று எழுதினால் ‘எஸ்’ விட்டுப்போய்விட்டது என்கிறார்கள். ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதினால் அங்கே ‘எஸ்’ வராது என்கிறார்கள். எங்கே போடுவது, எங்கே விடுவது?

பதில்: இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். தமிழ்க் கணக்கை வைத்துக்கொண்டு ஆங்கிலம் எழுதுகிறோம்.

‘இரண்டு மாடு வாங்கினார்’, ‘பத்து நாள் ஆகும்’ என்பதெல்லாம் தமிழில் இயல்பு. எண் முன்னால் நின்றுவிட்டால் ‘கள்’ வேண்டியதில்லை. பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: மாடு வந்தது, மாடு வந்தன. பெயர் அப்படியே நிற்கும், ஒன்றா பலவா என்பதை வினை சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இந்தச் சலுகை ஷீப், டீர் போன்ற சில சொற்களுக்குத்தான் உண்டு. மற்றவற்றுக்கு எண் இருந்தாலும் பன்மை கட்டாயம்: டூ ஃபைல்ஸ், டென் டேஸ். ஒன்றரைக்கும் பன்மைதான், ‘ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்’. சைபருக்கும் அப்படியே, ‘ஸீரோ எரர்ஸ்’. ஆனால் எண்ணும் பெயரும் சேர்ந்து அடுத்த சொல்லுக்கு அடைமொழி ஆகும்போது ‘எஸ்’ போய்விடும்: ‘எ டென்-டே கோர்ஸ்’. நடுவில் சிறுகோடு போட மறக்காதீர்கள்.

இனி இன்ஃபர்மேஷன். தமிழில் தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்று தயங்காமல் ‘கள்’ சேர்க்கிறோம். ஆங்கிலமோ இவற்றைத் தண்ணீர், மணல் போல ஒரே மொத்தமாகப் பார்க்கிறது. தண்ணீர்கள் என்று நாமும் சொல்வதில்லை அல்லவா? அட்வைஸ், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், லக்கேஜ், ஃபீட்பேக், ஸ்டேஷனரி, சாஃப்ட்வேர், ஹோம்வொர்க் எல்லாம் இந்த வகை. எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் ‘டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’. பன்மையைப் ‘பீஸ்’ சுமக்கும், ‘அட்வைஸ்’ மாறாது.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். ‘எஸ்’ஸை எடுத்துவிடுவார்கள், ஆனால் ‘தீஸ் இன்ஃபர்மேஷன் ஆர்’ என்று எழுதுவார்கள். சொல் ஒருமை என்றால் அதைச் சுற்றியுள்ளவையும் ஒருமையாக வேண்டும்: ‘திஸ் இன்ஃபர்மேஷன் இஸ்’. ‘மெனி’ வராது, ‘மச்’ வரும். ‘ஒரு’ என்று பொருள்படும் ‘ஆன்’ (an) என்ற சொல்லும் முன்னால் வராது.

ஒரே சொல் இரண்டு வேஷம் போடுவதும் உண்டு. ‘வொர்க்’ என்றால் வேலை, ‘வொர்க்ஸ்’ என்றால் படைப்புகள். பணி அனுபவம் ‘எக்ஸ்பீரியன்ஸ்’. நமக்கு நேர்ந்த அனுபவங்கள் ‘எக்ஸ்பீரியன்ஸஸ்’. ஆகவே தன்விவரக் குறிப்பில் ‘ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பதே சரி. அங்கே ‘எஸ்’ ஆண்டுக்கு மட்டும்.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்ற தவறுக்குத் தமிழே மருந்து. ‘என் நண்பரில் ஒருவர்’ என்போமா? ‘நண்பர்களில் ஒருவர் வருகிறார்’ என்போம். பெயர் பன்மை, வினை ஒருமை. ஆங்கிலமும் அச்சு அசல் அதே: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் கமிங்’.

தோற்றத்தை நம்ப முடியாத சொற்கள் சில: நியூஸ், மேத்தமேட்டிக்ஸ் இரண்டும் ‘எஸ்’ஸில் முடிந்தாலும் ‘இஸ்’ஸோடுதான் சேரும். பீப்பிள், போலீஸ் இரண்டுக்கும் ‘ஆர்’.

மின்னஞ்சலை அனுப்பும் முன் எண்கள், மெனி, செவரல், தீஸ் ஆகியவை வரும் இடங்களைத் தேடி, அவற்றை அடுத்த பெயரில் பன்மை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு வினைக்கும் அதன் எழுவாய் எது என்று கேளுங்கள். ஐயம் வந்தால், ஆங்கிலம் கற்போருக்கான அகராதியைத் திறங்கள். ‘சி’ என்ற குறி இருந்தால் எண்ணலாம், ‘யு’ இருந்தால் எண்ண முடியாது. இரண்டும் இருந்தால் பொருளுக்கேற்ப மாறும். அகராதியில் அந்தப் பொருளுக்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள்.