மூன்று வயதுக்கு என்ன பொம்மை வாங்கலாம்? – வாசகர் கேள்விகள்

மழலையர் வகுப்பு ஆசிரியையாகப் பாளையங்கோட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பொம்மைகளைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

என் மகனுக்கு மூன்றரை வயது. ஆங்கில எழுத்து சொல்லித்தரும் குட்டி லேப்டாப் பொம்மை ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். இப்போது ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கிறான். ஆனால் ‘என்னடா சாப்பிட்டாய்?’ என்று கேட்டால் ஒரு சொல்லில்தான் பதில் வருகிறது. தமிழும் சொல்லித்தரும் பொம்மை எதுவும் இருக்கிறதா?
– ஒரு தாய், தூத்துக்குடி

இன்னொன்று வாங்க வேண்டாம். இருப்பதையும் கொஞ்ச நாள் பரண்மேல் வைத்துவிடுங்கள். அந்தப் பொம்மையில் பாடுவதும் பொம்மை, கேள்வி கேட்பதும் பொம்மை, ‘சபாஷ்’ சொல்வதும் பொம்மை. பையனுக்கு மிச்சம் இருக்கிற வேலை பொத்தானை அழுத்துவதுதான்.

அமெரிக்காவில் 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர் பெற்றோரோடு விளையாடுவதை அவரவர் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். 2015 இறுதியில் வந்த ஆய்வு அது. மின்னணு பொம்மை கையில் இருந்தபோது பெற்றோரின் பேச்சு குறைந்தது, குழந்தைகள் குரல் கொடுப்பதும் குறைந்தது. படப் புத்தகம் இருந்தபோதுதான் பெரியவர்கள் அதிகம் பேசினார்கள். உங்கள் மகன் அவர்களைவிடப் பெரியவன்தான். ஆனாலும் பொம்மை பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டில் நாம் பேசாமல் இருந்துவிடுவது எந்த வயதிலும் நடக்கிறது.

சாயம் பூசாத மரக்கட்டைகள் ஒரு செட் வாங்குங்கள். மூன்று வயதில் குழந்தைகள் ஒன்பது, பத்துக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். இரண்டு கட்டைகளைத் தள்ளி வைத்து மேலே மூன்றாவதை வைத்தால் பாலம் என்பதும் அந்த வயதில் பிடிபடும். உங்கள் ஊர்க் குழந்தைக்கு அதே கட்டை கப்பலாகும், உப்பு ஏற்றிய லாரியாகும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்த லாரி எங்கே போகுது? யார் ஓட்டுறாங்க?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லிவிடக் கூடாது.

அப்புறம், பொம்மையைவிட முக்கியமான ஒன்று. மூன்றரை வயதில் குழந்தை மூன்று நான்கு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். வீட்டாரிடம் எப்போதுமே ஒற்றைச் சொல்தான் என்றால், காதும் பேச்சும் சரியாக இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள். ‘ஆம்பிளைப் பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்’ என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

பேத்திக்கு மூன்றாவது பிறந்தநாள் வருகிறது. அம்பாசமுத்திரம் மரச் சொப்பு வாங்கித் தர ஆசை. சென்னையில் இருக்கும் மருமகள், ‘சாயத்தில் விஷம் இருக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் வாங்கக் கூடாது மாமா’ என்கிறாள். அவள் சொல்வது சரியா?
– ஒரு தாத்தா, விருதுநகர்

உங்கள் மருமகள் கவனமான பெண், ஐயா. அவர் கேட்டது நியாயமான கேள்வி. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். பிளாஸ்டிக் பொம்மை, பேட்டரி பொம்மை வாங்கும்போது அந்த முத்திரையைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். சாயத்தில் ஈயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கைவினைஞர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும் முத்திரை தேவையில்லை. ஆகவே முத்திரை இல்லாத காரணத்தாலேயே மரச் சொப்பை ஒதுக்க வேண்டாம். செய்பவரிடம் நேரில் வாங்குங்கள், அரக்குச் சாயமா, டப்பா பெயிண்டா என்று கேளுங்கள். கடைசல் பட்டறையில் மரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஈர வெள்ளைத் துணியால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் இறங்கினால் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

எனக்கு சாயத்தைவிட அளவுதான் பெரிய கவலை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தரும் பொம்மையிலோ அதன் உதிரியிலோ எதுவும் சுமார் 3.2 செ.மீ. அகலமுள்ள சிறு குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் அது. சொப்புப் பெட்டியில் அடுப்பும் குடமும் உரலும் பெரிதாக இருக்கும். குட்டிக் கரண்டியும் அம்மிக் குழவியும் அந்தக் குழாய்க்குள் போய்விடும். பேத்திக்கு மூன்று முடிந்தாலும் இன்னும் எதையாவது வாயில் வைக்கிற பழக்கம் இருந்தால் அவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். வீட்டில் தவழும் தம்பி தங்கை இருந்தாலும் அப்படியே.

பிறந்தநாளுக்கு மற்றவர்கள் கொண்டுவரும் பொம்மைகளையும் மருமகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டன் பேட்டரி போட்ட பொம்மை என்றால் அதன் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்க வேண்டும். அந்த பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் திசுவைப் பொசுக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிறு காந்த உருண்டைகளும் வேண்டாம். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலை ஓட்டையாக்கிவிடும்.

நான்கு வயது மகள் அடுக்கு டப்பாக்களைக் கொட்டுவதும் அடுக்குவதுமாகவே அரைமணி நேரம் இருக்கிறாள். அடுத்த கட்டத்துக்குப் போகாமல் இதிலேயே நிற்கிறாளே?
– ஒரு வாசகி, கரூர்

நிற்கட்டும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், ‘சபாஷ்’ சொல்லிக்கூடக் கலைக்காதீர்கள்.

1907-இல் ரோம் நகரத்தின் ஏழைத் தெரு ஒன்றில் இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வெவ்வேறு அளவு மர உருளைகளை, ஒரு கட்டையில் அந்தந்த அளவுக்குக் குடைந்த குழிகளில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். மற்ற குழந்தைகளை அவளைச் சுற்றிப் பாட வைத்துப் பார்த்தார், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார். அவள் நிமிரவே இல்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, களைப்பே இல்லாத முகத்தோடு எழுந்தாளாம். பின்னால் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கி அங்கேயும் குழந்தைகளோடு வேலை செய்தவரும் இவர்தான்.

அந்த உருளைக்கட்டையில் ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசி உருளைக்கு இடம் இருக்காது. யாரும் திட்ட வேண்டாம், குழந்தைக்கே தெரிந்துவிடும். உங்கள் வீட்டு அடுக்கு டப்பாவும் அதே வேலையைத்தான் செய்கிறது. ‘கல்விப் பொம்மை’ என்று அட்டையில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு இதை மட்டும் பாருங்கள்: தப்பு செய்தால் அந்தப் பொருளே குழந்தைக்குக் காட்டிக்கொடுக்கிறதா?

வீடு நிறைய பொம்மை. ஆனால் பையன் எதிலும் ஐந்து நிமிடம் நிற்பதில்லை.
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

நான்கைந்தை வெளியே வையுங்கள், மற்றதைப் பெட்டியில் போட்டு வாரா வாரம் மாற்றுங்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கு ஒரு தடவை 16 பொம்மையும் இன்னொரு தடவை 4 பொம்மையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. நான்கு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள்.

நாங்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அங்கன்வாடிக்குப் போகும் மகளுக்கு நான்கு வயது. கடைப் பொம்மை வாங்க வசதியில்லை. அவள் பின்தங்கிவிடுவாளா?
– ஒரு தாய், ஒட்டன்சத்திரம்

மாட்டாள். உங்கள் வீட்டில், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், பழைய ஆழாக்கு, உழக்கு, படி இருக்குமா? வாங்கி வந்து ஒரு தாம்பாளத்தில் மணலைக் கொட்டி உட்கார வையுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. இதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவளே ஊற்றி ஊற்றிக் கண்டுபிடிப்பாள். பள்ளியில் இரண்டின் மடங்கு வரும்போது அது அவளுக்குப் புதிதாக இருக்காது.

அடுத்தது பல்லாங்குழி. பலகை கிடைக்காவிட்டால் தரையில் சாக்கட்டியால் இரண்டு வரிசையில் ஏழேழு வட்டம் போடுங்கள். இந்த வயதில் ஆட்ட விதி தேவையில்லை. வட்டத்துக்கு ஒரு புளியங்கொட்டை என்று போட்டுக்கொண்டே போகட்டும். வாயால் ‘ஒண்ணு, ரெண்டு’ சொல்வதும் கையால் ஒன்றை வைப்பதும் ஒன்றாக நடப்பதுதான் எண்ணத் தெரிவது. கொட்டையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்துப் பழகிய கைக்கு நாளைக்குப் பென்சில் சுலபமாக வரும். பக்கத்தில் இருந்து ஆடுங்கள். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்துவிடுங்கள். மஞ்சாடி விதை கிடைத்தாலும் சரி, ஆனால் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம் அது.