கிராபிக்ஸ் கார்டு: காத்திருக்கலாமா? – கடிதம்

அன்புள்ள அண்ணன்,

தேசிய சேவை முடித்து, பகுதிநேர வேலையில் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். என் கம்ப்யூட்டர் 2018-ல் வாங்கியது, 6 ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு. புது கேம்களில் திணறுகிறது. 1440பி மானிட்டர் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். ‘அவசரப்படாதே, அடுத்த தலைமுறை கார்டு வந்தால் எல்லாமே மாறிவிடும்’ என்கிறார்கள் நண்பர்கள். காத்திருக்கவா?

– ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

காத்திருக்க வேண்டாம். உங்கள் கேம் இன்றைக்கே திணறுகிறது என்றால் இன்றைக்கே வாங்குங்கள்.

முன்பெல்லாம் இரண்டு வருடம் பொறுத்தால் அதே காசுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம் கிடைக்கும், ஏனென்றால் சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் சிறிதாகிக்கொண்டே போயின. இப்போது அது மெதுவாகிவிட்டது. கார்டு நிறுவனமான என்விடியாவின் 2022-ம் ஆண்டு 40 வரிசையும் 2025-ல் வந்த 50 வரிசையும், சில்லு தயாரிக்கும் டிஎஸ்எம்சி-யின் ஒரே வகைத் தயாரிப்பு முறையில் வந்தவை. 40 வரிசையின் 4090-க்கு 450 வாட், 50 வரிசையின் 5090-க்கு 575 வாட்; வேகம் கூடியதில் பெரிய சில்லுக்கும் கூடுதல் மின்சாரத்துக்கும் நல்ல பங்கு உண்டு. அந்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். கதவைச் சாத்திய வீவக (அரசு அடுக்குமாடி) படுக்கையறையில் நாலு மணி நேரம் விளையாடினால் ஏர்கானும் சேர்ந்து ஓட வேண்டும், கரண்ட் பில் அப்பாவுக்கு வரும்.

உண்மையான முன்னேற்றம் வேறு பக்கம் நடக்கிறது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4, அதன் போட்டியாளர் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 ஆகிய மென்பொருள் நுட்பங்கள் இரண்டும் சிறிய படத்தைப் பெரிதாக்குவதில் அபாரமாக வேலை செய்கின்றன. ஏஎம்டியும் சோனியும் 2025 அக்டோபரில் ஒளிக்கற்றைக் கணக்குக்கென்றே (ரே டிரேசிங், அதாவது காட்சியில் ஒளி போகும் வழியைக் கணக்கிடுவது) தனி வன்பொருளைப் பற்றிப் பேசினார்கள், எனக்கு அதில் நிஜமாகவே ஆர்வம் இருக்கிறது. ஆனால் அவர்களே சில வருடங்கள் ஆகும் என்றார்கள். அப்புறம் ‘நாலு மடங்கு பிரேம்’ என்ற விளம்பரம். பிரேம் என்பது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படம். கார்டு வரைந்த ஒவ்வொரு பிரேமுக்கும் மூன்று பிரேம்களை அது ஊகித்து இடையில் செருகுகிறது. திரையில் 240 ஓடினாலும் உங்கள் மவுஸுக்கு கேம் பதில் சொல்வது அந்த 60 நிஜ பிரேம்களில்தான், அதுவும் அடுத்த பிரேம் வரும்வரை காத்திருப்பதால் ஒரு துளி தாமதமாக. காட்சி வழுக்கிக்கொண்டு போகும், அது நல்லதுதான். துப்பாக்கிச் சண்டை கேம்களில் அதை நம்பி வாங்காதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது மெமரி. என்விடியாவின் 5060 டிஐ, ஏஎம்டியின் 9060 எக்ஸ்டி இரண்டிலுமே 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகை ஒரே பெயரில் விற்கிறார்கள், இது வாங்குபவனைக் குழப்பும் வேலை என்று எனக்குக் கோபமே வருகிறது. 1440பி-க்கு 8 ஜிபி வேண்டவே வேண்டாம். 8 ஜிபி கார்டில் இருக்கும் நாலு 2 ஜிபி மெமரி சில்லுக்குப் பதில் 3 ஜிபி ஜிடிடிஆர்7 (புதிய கார்டு மெமரி வகை) சில்லு போட்டால் அதே நாலு சில்லில் 12 ஜிபி வந்துவிடும், அடுத்து வரும் கார்டுகளில் இது பரவும் என்று நினைக்கிறேன். ஆனால் மலிவாக வராது. ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை ஏறிவிட்டது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உட்லண்ட்ஸில் ஆலை வைத்திருக்கும் மெமரி நிறுவனமான மைக்ரானே அந்த டிசம்பரில் சில்லறை வாடிக்கையாளருக்கான குரூஷியல் பிராண்டை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதனால்தான் பொறுத்திருந்தால் விலை குறையும் என்ற பழைய கணக்கை நான் நம்பவில்லை.

சரி, எதை வாங்குவது? உங்களுடையது 2018 மதர்போர்டு, அதாவது கார்டைச் செருகும் இணைப்பு பழைய பிசிஐஇ 3.0 வகை. 5060 டிஐ அந்த இணைப்பில் தரவு போகும் பாதைகளில் எட்டை மட்டுமே பயன்படுத்தும், பழைய போர்டில் அது பாதிக்கும். 9060 எக்ஸ்டி 16 ஜிபி பதினாறு பாதையையும் பயன்படுத்தும், அதுதான் உங்களுக்குப் பொருத்தம். கையில் இன்னும் பணம் இருந்தால் 9070 எக்ஸ்டி, ஆனால் அதற்கு ஏஎம்டி சொல்வது 750 வாட் பவர் சப்ளை, உங்கள் பழைய பிராசசரும் அதன் முழு வேகத்தைக் கிடைக்கவிடாமல் தடுக்கும். கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் போகும் முன் கேஸைத் திறந்து உள்ளே எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள், ரசீதில் 16 ஜிபி என்று எழுதச் சொல்லி வாங்குங்கள்.