அவள் உயரத்தை எங்கே வரைகிறாள்?

மகள் முக்கோணக் கணக்கில் தொடர்ந்து மார்க்கை விடுகிறாள், அதனால் பொறியியல், கட்டடக்கலை எல்லாம் அவளுக்கு ஒத்துவராது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய விடைத்தாளைப் பார்த்தேன். அப்படி முடிவுகட்ட அதில் ஒன்றுமே இல்லை.

பக்கத்தை வைத்துச் சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம். கோணத்தை வைத்துக் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம். வகைகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பரப்பளவு ½ × அடிப்பக்கம் × உயரம் என்பதும் தெரிகிறது. ஆனால் 5, 5, 6 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்துக்கு ½ × 6 × 5 = 15 என்று போட்டிருக்கிறாள். சாய்ந்து நிற்கும் பக்கத்தையே உயரமாக எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக இறங்குவதுதான் உயரம். இங்கே அது 4 செ.மீ.; விடை 12 ச.செ.மீ.

டியூஷனுக்கு முன்னால் ஒரு வேலை. 3, 4, 5 செ.மீ. பக்கங்களில் இரண்டு செங்கோண முக்கோணங்களை அட்டையில் வெட்டச் சொல்லுங்கள். ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, 4 செ.மீ. பக்கங்களை ஒட்டி வைத்தால் அதே 5, 5, 6 வரும். 3 செ.மீ. பக்கங்களை ஒட்டினால் 5, 5, 8. முதலாவது குறுங்கோணம், இரண்டாவது விரிகோணம். எதற்குப் பரப்பளவு அதிகம் என்று அவளிடம் கேளுங்கள். சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் 'அதே ரெண்டு அட்டைதானே' என்று சொன்னால், அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

அப்புறம் ஹெரான் சூத்திரம். உயரமே தெரியாதபோது, மூன்று பக்கங்களை வைத்தே பரப்பளவு காணக் கைகொடுப்பது அது. பக்கங்கள் 13, 14, 15 என்றால் அரைச்சுற்றளவு 21. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 8, 7, 6. நான்கையும் பெருக்கினால் 21 × 8 × 7 × 6 = 7056; அதன் வர்க்கமூலம் 84, அதுதான் பரப்பளவு. கோணல்மாணலான நிலத்தை டேப் பிடித்து அளப்பவர்கள் அதை முக்கோணங்களாகப் பிரித்துக்கொள்வார்கள். மூன்று பக்கமும் கிடைத்தால் போதும், செங்குத்துக் கோடு தேட வேண்டாம். கணினி விளையாட்டில் தெரியும் முகமும் மலையும்கூடப் பெரும்பாலும் குட்டி முக்கோணங்களின் கூட்டம்தான். காரணம், மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்கு புள்ளிகளுக்கு அந்த உறுதி இல்லை.

பாடப்பிரிவைப் பிறகு பேசலாம். இப்போதைக்கு அவளே போட்ட ஐந்து கணக்குகளைப் படத்தோடு அனுப்புங்கள். ஒன்றாவது விரிகோண முக்கோணமாக, குட்டைப் பக்கம் அடியில் இருப்பதாக இருக்கட்டும். அதில் உயரம் முக்கோணத்துக்கு வெளியே போய் விழும். அந்தக் கோட்டை அவள் எங்கே வரைகிறாள் என்று நான் பார்க்க வேண்டும்.